இன்னைக்கு யார் வரலை?

கோவில்பட்டியில் என் வயதுக்காரர்கள் மில் சங்கைக் கேட்டுத்தான் ஹாக்கி ஆடப் போனோம். அப்பா ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறும். அவருக்குப் பகல் ஷிப்ட் என்றால் எங்களுக்குச் சாயங்காலம் பயிற்சி. ரெண்டாம் ஷிப்ட் என்றால் விடிகாலை ஐந்தரைக்கு. நைட் ஷிப்ட் வாரத்தில், ஏழு மணிச் சங்கு ஊதியதும் கேட்டை விட்டு வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல், மீசையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடியே சைக்கிளை மைதானத்துக்கு விடுவார். எட்டரை வரைக்கும் நிற்பார். அதற்குப் பிறகுதான் குளியல், சாப்பாடு, தூக்கம். எந்த வாரம் என்ன ஷிப்ட் என்பது அம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் முப்பது நாற்பது பையன்களுக்கும் தெரியும்.

சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்க்கும்போதே அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னைக்கு யார் வரலை?" வந்து நிற்கும் இருபத்தைந்து பேரையும் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கும். வராத இரண்டு பேரின் பெயரை அவரே சொல்லி, "ஏன்?" என்பார். காரணம் தெரிந்தவன் சொல்வான். தெரியவில்லை என்றால் அந்த வாரத்துக்குள் அந்த வீட்டு வாசலில் அப்பாவின் சைக்கிள் நிற்கும்.

நான் முப்பத்தைந்து வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். தசை, மூட்டு, இதயத் துடிப்பு, பயிற்சி அட்டவணை எல்லாம் அங்கே முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வராத பையனைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு பக்கம்கூட இல்லை. பைசா சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் முக்கால்வாசி அதுதான் என்பதை அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் வட்டாரத்தில் ஒரு பையன் மைதானத்துக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எல்லாம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வருடம் தீப்பெட்டியை நம்பித்தான் உலை வைப்பார்கள். விடிகாலை மூன்று, நாலு மணிக்கே ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும். கட்டையில் குச்சி அடுக்குவதற்குக் கட்டைக் கணக்கு, பெட்டி ஒட்டுவதற்குக் குரோஸ் கணக்கு. பத்து வயதுப் பையனின் கைதான் குச்சி அடுக்க வேகமான கை. ஸ்டிக் பிடிக்கவும் அதே கை வேண்டும் என்பதுதான் அப்பாவின் பிரச்சினை.

அந்த வீடுகளுக்கு அவர் சனிக்கிழமை ராத்திரிதான் போவார். சனிக்கிழமை சம்பள நாள். வீட்டில் நாலு காசு இருக்கும், மறுநாள் கறி எடுப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கும், அம்மாமார் முகத்தில் ஒரு தெளிச்சல் இருக்கும். வெள்ளிக்கிழமை போனால் கடைக்காரனுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன பெண்ணிடம் போய் நிற்க வேண்டும். அவளிடம் ஹாக்கியைப் பற்றிப் பேசுவது பாவம் என்பார். எனக்கு அவர் கற்றுத்தந்த முதல் தொழில் பாடம் அது. பின்னாளில் நான் எந்தப் பெற்றோரைப் பார்க்கப் போனாலும் அந்த வீட்டில் எந்தக் கிழமை சம்பளம் என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

ஒரு வீடு நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்கம் ஆடுகிற பையன், மின்னல் மாதிரி ஓடுவான். மூன்று நாளாக ஆளைக் காணோம். அவன் அம்மா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீங்க சொல்றது நல்லதுதான் அண்ணாச்சி. இவன் அடுக்குற கட்டையிலதான் நான் ரேசன் அரிசி வாங்குதேன்" என்றார். அப்பா திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். "வேலைய விடச் சொல்லலைம்மா. காலைல ஒரு மணி நேரம் எனக்குக் குடுங்க. அப்படியே பள்ளிக்கூடத்துல நானே கொண்டுபோய் விட்டுருதேன். சாயங்காலம் அவன் உங்களுக்கு." சட்டம் பேசவில்லை, படிப்பின் பெருமை பேசவில்லை. அந்த அம்மா ஒட்டிய பெட்டிகளை எண்ணி அடுக்க உதவி செய்துவிட்டு எழுந்தார். பையன் திங்கட்கிழமை வந்தான்.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார், கொஞ்ச காலத்தில் அது பெரிய வகுப்புகளுக்கும் வந்தது. அப்பாவுக்குப் பேசுவதற்கு இன்னொரு வார்த்தை கிடைத்தது. "மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்துல ஆச்சும்மா." குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ்கள் உடனே நிற்கவில்லை. பல வருடம் ஆயிற்று. அந்த இடைவெளியில் எத்தனை பையன்களைத் தக்கவைத்தோம், எத்தனை பேரை விட்டோம் என்பது அப்பாவின் நோட்டில் இருக்கிறது.

நோட்டு என்றால் மில்லில் கழித்துப் போட்ட ஷிப்ட் புத்தகம். அதன் பின்பக்கங்களில் எழுதுவார். யார் ஜெயித்தது, யார் கோல் போட்டது எதுவும் அதில் கிடையாது. பெயருக்கு நேரே வராத தேதியும் காரணமும் மட்டும்தான். 'தங்கச்சி பிறப்பு.' 'தீப்பெட்டி.' 'ஆச்சி இறப்பு.' 'சட்டை காயவில்லை.' 'வீட்டில் அடி.' இந்தக் கடைசிக் காரணத்துக்கு அவர் சனிக்கிழமை வரை காத்திருந்ததில்லை.

பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கை. மாசக் கடைசி ஞாயிறு கடலைமிட்டாய் உடைசல். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது அப்பா, "உடைசலுக்கும் சேர்த்துத்தானே குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். எத்தனையோ பிள்ளைகளின் உடம்பில் ஊறியது அந்த உடைசல்தான்.

ஸ்டிக் கட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருப்பது கார்பன், ஃபைபர் கலந்த ஸ்டிக். உடைந்தால் உடைந்ததுதான், தூக்கிப் போட வேண்டும். அன்றைக்கு ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வந்த மர ஸ்டிக். கீழே வளைவு முசுக்கட்டை மரம், மேலே கைப்பிடி பிரம்பு. இரண்டும் ஆப்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்கிச் சேரும் இடத்தில்தான் முதல் விரிசல் விழும். புது ஸ்டிக் வாங்கக் காசு ஏது? உடைந்ததை எல்லாம் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார்.

வஜ்ரக் கட்டியை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப் போடுவார். காலையில் பால் டின்னில் அள்ளி, டின்னைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்துக் காய்ச்சுவார். நேரடியாக அடுப்பில் வைத்தால் கருகிப் பிசின் தன்மை போய்விடும். அந்த நாற்றம் தாங்காமல் அம்மா அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டார். விரிசலைக் கத்தி நுனியால் லேசாகத் திறந்து, கோழி இறகில் வஜ்ரத்தைத் தொட்டு உள்ளே விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் வைப்பார். அடுத்து நூல் சுற்றுவது. மில்லில் கழிவாக விலைக்குப் போடும் நூலை நாலு இழை சேர்த்து முறுக்கிக்கொள்வார். நூலின் ஒரு முனை ஸ்டிக்கில், இன்னொரு முனை என் கையில். நான் கொல்லைக் கடைசியில் கிணற்றடியில் நிற்பேன். அவர் ஸ்டிக்கை உருட்ட உருட்ட நூல் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி இல்லாமல் ஏறும். நான் அடி அடியாக அவரை நோக்கி நடக்க வேண்டும். "தளர விடாதே, இழுக்கவும் செய்யாதே" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அது விரலுக்குத் தெரியும் வரை நூல் விரலை அறுக்கும். கிணற்றடியிலிருந்து அவர் முழங்கால் வரைக்கும் நடந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் அப்பா எனக்கு மட்டும். பள்ளிக்கூடக் கதையெல்லாம் அப்போதுதான் அவரிடம் சொல்வேன். கட்டுக்கு மேல் திரும்ப வஜ்ரம் பூசி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கைப்பிடிக்குச் சைக்கிள் டியூபை ரிப்பன் மாதிரி வெட்டிச் சுற்றினால் வேலை முடிந்தது. கடைசியில் ஸ்டிக்கைத் தரையில் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். 'டொக்' என்று ஒரே சத்தமாக வர வேண்டும். சத்தம் இரண்டாகப் பிரிந்தால் உள்ளே இன்னும் விரிசல் இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கட்டிய ஸ்டிக்கைப் பையன் கையில் கொடுக்கும்போதுதான் பிடியும் சொல்லிக்கொடுப்பார். ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தில்தான் பந்தை ஆட வேண்டும். இடது கைக்காரனுக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. புதிதாக வரும் பையன் வலது கையால் முரட்டுப் பிடி பிடிப்பான், ஸ்டிக் திரும்பாது, பந்து ஓடிவிடும். "வலது கை வாடகைக்கு இருக்கிறவன், இடது கைதான் வீட்டுக்காரன். திருப்புறது வீட்டுக்காரன் வேலை" என்பார். தாளில் படம் போட்டு நான் அரை மணி நேரம் விளக்கியதைவிட இந்த ஒரு வரி பிள்ளைகளுக்கு எளிதில் ஏறியது.

1980 ஜூலையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4–3 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அந்த வருடம் எங்கள் மைதானத்தில் ஒவ்வொரு பையனும் தன்னைப் பாஸ்கரன் என்றுதான் சொல்லிக்கொண்டான். எனக்குப் பதினைந்து வயது, ஃபுல் பேக் ஆடுவேன். திருநெல்வேலியில் ஒரு போட்டிக்கு அணி எடுத்தார்கள். அப்பா பதினாறு பெயர்களை வாசித்தார். என் பெயர் இல்லை. என் இடத்துக்கு வந்தவன் தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்குகிறவரின் மகன். என்னைவிட நன்றாக ஆடுவான் என்று எனக்கே தெரியும். அது தெரிந்திருந்ததால் அழுகை குறைந்துவிடவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார். "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் அப்பனா இருக்கீங்க. இவனுக்கு யாரு அப்பன்?" அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஆடப் போகாத என் ஸ்டிக்கை எடுத்து வைத்துக்கொண்டு கைப்பிடி ரப்பரைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினார். காலையில், "நீயும் வா. எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். மைதானத்தில் ஒரு நோட்டைக் கொடுத்து, நம் பையன்கள் எந்த இடத்தில் பந்தை விடுகிறார்களோ அந்த இடத்தையெல்லாம் எழுதச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அதை வாசிக்கச் சொல்லி, கயத்தாறு தாண்டும் வரைக்கும் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். வலது பக்கம் கார்னர் கொடி ஓரத்தில் ஒன்பது தடவை பந்து போயிருந்தது. "சரியாப் பார்த்திருக்க" என்றார். மறுநாள் பயிற்சியே அந்த ஒன்பதை வைத்துத்தான் நடந்தது. நான் கோச் ஆனது அந்தப் பஸ்ஸில்தான்.

அம்மாவின் கேள்விக்கு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்க வைத்திருந்த காசில் பாதி எத்தனையோ தடவை கோல் கீப்பர் பேடுக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தத் திருநெல்வேலிப் போட்டிக்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு டைபாய்டு காய்ச்சல். அப்பா மில்லுக்கு லீவு போட்டு, மைதானத்துக்கும் போகாமல் என் தலைமாட்டிலேயே இருந்தார். ஈரத்துணி மாற்றுவதும் கஞ்சி புகட்டுவதும் அவர்தான், அம்மாவைத் தூங்கச் சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் காலை வாசலில் சலசலப்பு. பத்துப் பதினைந்து பையன்கள் நிற்கிறார்கள். "அண்ணாச்சி ஏன் வரலை?" என்று கேட்க வந்திருக்கிறார்கள். அந்த வாரத்து நோட்டில் கடைசிப் பெயராகத் தன்னையே எழுதி, நேரே 'மகனுக்குக் காய்ச்சல்' என்று ஏழு நாளுக்கும் குறித்திருக்கிறார்.

அப்பா செய்த தப்பு ஒன்றும் உண்டு. பயிற்சி நேரத்தில் தண்ணீர் குடிக்க விடமாட்டார். குடித்தால் வயிறு பிடிக்கும், ஓட முடியாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 1990-இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மே மாதம் சாயங்காலப் பயிற்சியில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். நிழலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்ததும் தெளிந்தான். வியர்வையில் உடம்பு தண்ணீரை இழப்பதைப் பற்றி நான் கல்லூரியில் படித்ததை அப்பாவிடம் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் எல்லாப் பையன்களையும் உட்கார வைத்து, "இத்தனை வருசமா நான் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே தாகம் எடுக்குற முன்னாடியே குடிங்க" என்றார். மறுநாள் வேப்ப மரத்தடியில் மணல் பரப்பி ஒரு பெரிய பானை இருந்தது. மயங்கிய பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமும் தன் தவறைச் சொல்லிவிட்டு வந்தார். ஐம்பது வயது மனிதர், இருபத்தைந்து வயது மகன் சொன்னதைக் கேட்டு ஊர்ப் பையன்கள் முன்னால் தன்னைத் திருத்திக்கொண்டார். வேலையில் எனக்குப் பெரியவர்கள் பலர் வாய்த்தார்கள், அப்படி ஒருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

1986 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து வ.உ.சி. பெயரில் எங்களுக்குத் தனி மாவட்டம் கொடுத்தார்கள். இப்போதைய தூத்துக்குடி மாவட்டம் அதுதான். மாவட்ட அணித் தேர்வுக்கு அதுவரை பாளையங்கோட்டைக்குப் போய் மோத வேண்டும். அப்பா முதலில் போட்ட கணக்கு, "இன்னும் பதினாறு பையனுக்கு இடம் வந்தாச்சு" என்பதுதான். அடுத்த கணக்கு வருத்தம். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள் ஒரே நாளில் வேறு மாவட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பயிற்சிக்கு வரலாம், அணியில் சேர்க்க முடியாது. ஒருவன் கொஞ்ச நாளில் நின்றுவிட்டான். இன்னொருவன் பள்ளி முடியும் வரை வந்தான்.

வயது விஷயம் எங்கள் தொழிலின் புண். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. எங்கள் பதிவேட்டில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அதனால் வயதைக் குறைத்து ஜூனியர் அணியில் நுழைப்பது சிலருக்கு எளிதாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு சென்டர் ஃபார்வர்டு இருந்தான். அவனைப் போல ஒருவன் அதற்குப் பிறகு என் கையில் வரவில்லை. நான்கு மாத வித்தியாசத்தில் வயது வரம்பைத் தாண்டிவிட்டான். வேறு சான்றிதழ் வாங்கித் தருவதாக வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். பையனின் அப்பாவும் சம்மதித்துவிட்டார். அப்பா மறுத்தார். "இவன் உள்ள போனா, நிஜமா அந்த வயசுல இருக்கிற ஒரு பையன் வெளிய போவான். அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ" என்றார். மாநில அணிக்குப் போகும் வாய்ப்பு அவனுக்கு அதோடு போயிற்று, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் போயிற்று. அவன் இன்றுவரை எங்கள் வீட்டாரோடு பேசுவதில்லை. அப்பா செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனின் கோபத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் அவன் தெரு வழியாகப் போகும்போது அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

வேலை கிடைத்தவர்களும் உண்டு. ரயில்வே, போலீஸ், பெரம்பூர் ஐ.சி.எஃப்., வங்கி என்று போனார்கள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி வரும். அவர் அதை ஊர்க்கோடியில் யாராவது பையனின் தாத்தாவுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆட்டம் எங்கள் கண் முன்னாலேயே மாறியது. ஐந்து ஃபார்வர்டு, மூன்று ஹாஃப், இரண்டு பேக் என்று நின்று ஆடிய காலம் அவருடையது. ஃபுல் பேக்குகள் ஒரே கோட்டில் முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைப்பது அவருடைய தனி வித்தை, அதைச் சொல்லிக்கொடுத்தே முப்பது வருடம் ஓட்டியிருந்தார். 1996-இல் சோதனையாகவும் 1998-இல் நிரந்தரமாகவும் ஆஃப்சைடு விதியையே எடுத்துவிட்டார்கள். அந்த வருடம்தான் அவர் மில்லிலிருந்தும் ஓய்வு பெற்றார். கையில் இருந்த வித்தை காலியான மனிதர், வீட்டுத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துப் புதுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பல ராத்திரி பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய மாற்றம் தரை. ஒலிம்பிக்கில் 1976-லேயே செயற்கைப் புல்தரை வந்துவிட்டது, நாங்கள் அதைத் தொட இருபது வருடம் ஆயிற்று. 1996 டிசம்பரில் சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது, நானும் அப்பாவும் ஐந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு அன்ரிசர்வ்டில் ஏறிப் போனோம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தண்ணீர் தெளித்த புல்தரையில் பந்து போன வேகத்தைப் பார்த்து எங்கள் பையன்கள் வாயடைத்துப் போனார்கள். எங்கள் மண்தரையில் பந்து குதித்துக் குதித்து வரும், அதை மடக்கத் தனித் திறமை வேண்டும். ஆனால் மண்ணில் வளர்ந்தவன் நிமிர்ந்து நின்று ஆடுவான். புல்தரையில் இடுப்பை இறக்கி, முழங்கால் மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தை வாங்க வேண்டும். மாநிலத் தேர்வுகளில் எங்கள் பிள்ளைகள் முதல் பத்து நிமிடத்திலேயே கழிக்கப்பட்டதற்கு அதுதான் காரணம்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா ஊருக்கு வெளியே கம்பு, சோளம் காயப்போடும் ஒரு சிமெண்ட் களத்தைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கினார். தானியம் இல்லாத மாதங்களில் அதுதான் எங்கள் புல்தரை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பந்தை வேகமாகத் தள்ளிவிட்டுப் பையன்களைக் குனிந்து வாங்கச் சொல்வார். பதினைந்து இருபது அடி அகலம்தான், முழு ஆட்டம் ஆட முடியாது. ஆனால் பந்தை வாங்கக் கற்றுக்கொள்ள அது போதும். அந்தக் களத்துக்குத்தான் பெண் பிள்ளைகளும் முதலில் வந்தார்கள். நாலு பக்கமும் திறந்த மைதானத்துக்கு அனுப்பத் தயங்கிய அம்மாமார், களத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றதும் அனுப்பினார்கள். ராத்திரி ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசல்வரை கொண்டு விட்டபிறகுதான் அப்பா சாப்பிட வருவார்.

இன்று எங்கள் ஊரிலேயே செயற்கைப் புல்தரை இருக்கிறது, அரசின் விளையாட்டு விடுதி இருக்கிறது. 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், எங்கள் ஊர் விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர்ப் பையன் கார்த்தியும் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டதும் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள் இல்லை. "இந்தப் பிள்ளைகளை யாரு வீட்டுல போய்க் கேட்டுக் கூட்டிட்டு வந்தாங்களோ, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்" என்றார்.

2023-இல், எண்பத்து மூன்றாவது வயதில், காலமாவதற்கு ஆறு வாரம் முன்பு, அவரைக் கடைசியாக மைதானத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் புல்தரையின் ஓரத்தில் கால் பதித்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிக்கில் பந்து படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை ஏற்கெனவே மங்கிவிட்டது. பயிற்சி முடியும் நேரம் என் கையைத் தொட்டு, "அந்த ஏழாம் நம்பர் பையன் நாளைக்கு வர மாட்டான், பாரு" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஓடி வந்து நிக்கும்போது வலது கால் சத்தம் மட்டும் லேட்டா வருது. ஷூ கடிக்குது. அண்ணன் ஷூவா இருக்கும்."

மறுநாள் ஏழாம் நம்பர் வரவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பெருவிரல் நகம் கறுத்து, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஷூ வீட்டு மூலையில் கிடந்தது, ஒரு நம்பர் சின்னது, அண்ணன் போட்டுக் கழித்தது. அந்தக் காலத்தில் அப்பா பையன்களின் காலைப் பழைய செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, பெயர் எழுதிக் கட்டிக்கொண்டு கேன்வாஸ் ஷூ வாங்க மதுரைக்கு பஸ் ஏறுவார். நான் அவன் அம்மாவிடம் ஒரு பேப்பர் கேட்டேன். "ஏறி நில்லுடா" என்றேன். பையன் கூச்சத்தோடு காலைத் துடைத்துக்கொண்டு பேப்பரில் வைத்தான். குதிகாலிலிருந்து தொடங்கிச் சுண்டுவிரல் பக்கமாகப் பென்சிலை ஓட்டி, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வளைத்தேன். கறுத்த நகத்துக்கு இடம் வேண்டும். பிறகு அவன் பெயரை எழுதி, இடது காலை வைக்கச் சொன்னேன்.